மாஸ்டரின் வலது கால்

என் கணவர் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நான் லைசென்ஸ் டெஸ்ட்டில் இரண்டு முறை தோற்றவள். இந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட முடியுமா என்று கேட்டால், முடியாது. நான் ஒரு வாய் எடுத்து வைப்பதற்குள் எதிரிலிருந்து, "கிளட்சை எப்ப விடணும்?" என்று கேள்வி வரும். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுப் பதில் சொன்னால், "லேட்" என்பார்.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவருடைய பள்ளிக்கு இருப்பது ஒரே ஒரு வெள்ளைக் கார். கூரையில் மஞ்சள் பலகை, பக்கத்து சீட்டுக்கு முன்னால் அவருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். வருஷக்கணக்கில் அந்தப் பெடல்களில் கால் வைத்தே பழகியவர் என்பதால், எங்கே உட்கார்ந்தாலும் அவர் கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனால் டிரைவருக்கு முன்னால் இவர் பிரேக் போடுவார். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டால் சோபாவுக்கு முன்னால் விரித்திருக்கும் பாய் மடங்கிச் சுருண்டுவிடும். தூக்கத்தில் என் முழங்காலை மிதித்து கியர் மாற்றிய நாளும் உண்டு.

நான் கண் மருத்துவமனையில் பார்வை பார்ப்பவள். என் அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்திருந்தாலும் திறக்கக் கூடாது, இருட்டு இருந்தால்தான் எதிர்ச்சுவரில் வெளிச்சம் போட்ட பலகையைப் படிக்க வைக்க முடியும். காலையிலிருந்து மாலை வரை கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒன்னு நல்லாருக்கா, ரெண்டு நல்லாருக்கா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. வெளியே மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்பதை வருகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அப்படி இருக்கும்போது டாக்டரம்மா ஒரு வேன் வாங்கினார். உள்ளே நாற்காலி, பலகை, கருவிகள் எல்லாம் பொருத்தி, ஆஸ்பத்திரி இல்லாத இடங்களுக்குப் போய்க் கண் பார்க்கிற வேன். முன்பக்கம் பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் ஜன்னல். அதைப் பார்த்ததும் நான் அதை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"ஓட்டவும் தெரியணும், கண்ணு பாக்கவும் தெரியணும். ரெண்டு பேரை அனுப்ப என்னால முடியாது. லைசென்ஸோட வந்தா சாவி உனக்குத்தான். மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா வெளியில ஆள் பாத்துடுவேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

எனக்கு அந்த வேன் வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தம் இல்லை. நகை வேண்டும் என்று கேட்டதில்லை, பெரிய வீடு வேண்டும் என்று கேட்டதில்லை. அந்த வேன் வேண்டும் என்று ராத்திரியும் பகலும் ஏங்கினேன்.

டெஸ்ட் நடக்கிற மைதானத்தில் ஒரு மேடு இருக்கிறது. அதில் பாதி ஏறியதும் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, பின்னால் உருளாமல் மேலே போக வேண்டும். இரண்டு முறையும் நான் அங்கேதான் மண்ணைக் கவ்வினேன். சாவியைத் திருப்பினால் எஞ்சின் இருமும், குலுங்கும், பின்னால் கறுப்பாக ஒரு புகை விட்டுவிட்டு அணைந்துபோகும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பரிசோதகர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நல்லதற்கும் கெட்டதற்கும் "ம்" என்பார். அதனாலேயே அவருக்கு மைதானத்தில் 'ம்' என்றுதான் பெயர். இரண்டு முறையும் 'ம்' சொல்லிவிட்டுக் கீழே இறங்கி நடந்து போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஓரத்து பெஞ்சிலிருந்து என் கணவர் எழுந்து வருவார். "இறங்கு" என்பார். உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். அந்தப் பாழாய்ப்போன கார் வளர்த்த நாய் மாதிரி உடனே வாலை ஆட்டிக்கொண்டு கிளம்பும்.

"பாத்தியா? வண்டில ஒன்னும் இல்ல. கிளட்ச் உன் கால்ல இருக்கு, மனசுல இல்ல."

வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மாஸ்டர் வீட்டம்மாவே பாஸ் ஆகவில்லையாம் என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்வது காதில் விழும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

மூன்றாவது டெஸ்ட் மாதக் கடைசி வியாழக்கிழமை என்று தேதி கொடுத்தார்கள். இதை விட்டால் வேன் போய்விடும். தினமும் வேலை முடிந்ததும் பயிற்சி. காலணியை மாற்றினேன், முதுகுக்குத் தலையணை வைத்தேன், வெறுங்காலோடுகூட ஓட்டிப் பார்த்தேன். லீவு நாள் காலையில் முதல் தடவை எடுத்தால் கார் ஒழுங்காகக் கிளம்பும். நாலு தெரு சுற்றிவிட்டு அணைத்து எடுத்தால் அதே இருமல், அதே கறுப்புப் புகை. ஒருநாள் பெட்ரோல் பங்க்கில் கார் கிளம்பாமல் நின்றபோது பின்னால் நின்றவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பெட்ரோல் வாசனை தூக்கலா வருதுங்க. போன மாசமே சொன்னேன்" என்றேன்.

"ஆளுக்கொரு மிதி மிதிச்சா அது குடிக்கத்தான் செய்யும்" என்றார் அவர். "நகரு." உட்கார்ந்தார், எடுத்தார். "பாத்தியா?"

இந்த 'பாத்தியா' என்ற ஒரு வார்த்தைக்காகவே அவரை வீட்டை விட்டு அனுப்பியிருக்கலாம். என்ன செய்வது, மற்றபடி நல்ல மனிதர். எனக்காகத் தினமும் தன் சாயங்காலத்தை விட்டுக்கொடுத்தார். நான் தோற்ற இரண்டு நாளும் என்னைவிட அவர்தான் சரியாகச் சாப்பிடவில்லை.

டெஸ்ட்டுக்கு முந்தைய வாரம், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பார்வை பார்க்க வந்தார். வருஷம் தவறாமல் வருகிறவர், கண்ணாடி போட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறவர். வந்து உட்கார்ந்ததும் நான் கேட்பதற்கு முன்னாலேயே கடைசி வரியை ஆரம்பித்துவிட்டார்.

"எட்டு, மூணு, அஞ்சு, ரெண்டு, ஆறு. போதுமா? என் கண்ணுக்கு என்ன கொறச்சல்?"

குறைச்சல் ஒன்றும் இல்லை. அவருக்கு முன்னால் வந்தது ஒரு குழந்தை என்பதால் நான் பலகையைத் திருப்பி மாட்டியிருந்தேன். எதிரில் இருந்தது ஒரு வீடு, ஒரு குடை, ஒரு வாத்து.

நான் சிரித்து முடிக்க நேரம் ஆயிற்று. பாவம், அவர் பொய் சொல்லவில்லை. வருஷா வருஷம் அதே வரியைப் படித்துப் படித்து மனப்பாடம் ஆகிவிட்டது, கண்ணால் பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது என் பேனா நின்றுவிட்டது. என் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருக்கிறாரே என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவரைக் காருக்கு அழைத்துக்கொண்டு போனேன். கண் பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரு கண்ணாடியைத்தான் மாற்றுவோம். அதே முறையில்தான் இதையும் செய்வதாக இருந்தேன்.

"நீங்களே ஓட்டுங்க. மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வரலாம், எஞ்சின் நல்லா சூடாகட்டும்" என்றேன். போய் வந்தோம். வீட்டு வாசலில் நிறுத்தி அணைக்கச் சொன்னேன்.

"இப்ப எடுங்க. இது ஒன்னு."

எடுத்தார். கிளம்பியது. "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். அணைங்க. நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுங்க. இப்ப ரெண்டு காலையும் மடக்கி சீட்டு மேல வைங்க."

"என்னது?"

"சம்மணம் போட்டு உக்காருங்க மாஸ்டர்."

மாஸ்டர் என்று நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது என்று அவருக்குத் தெரியும். ஸ்டியரிங்குக்கு அடியில் முழங்கால் இடிக்க, முனகிக்கொண்டே காலை மடக்கி ஏற்றினார். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு இந்தக் காட்சியைப் பார்த்தார்.

"இது ரெண்டு. எடுங்க."

சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, குலுங்கியது, பின்னால் கறுப்பாக ஒரு புகை விட்டது, அணைந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி அணைந்தது. என் புகை, என் இருமல், அப்படியே. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஒன்னு நல்லாருக்கா, ரெண்டு நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, மடக்கி வைத்த தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்தா எடுத்துடும்…"

"சாவியத் திருப்பும்போது ஆக்சிலேட்டரத் தொடக் கூடாதுன்னுதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா, தொடக் கூடாது."

"அப்ப நீங்க?"

"நான் தொடறதில்லயே" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலை இறக்கி, சாவியைத் திருப்பினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வலது கால் யாரையும் கேட்காமல், தானாக, ஒரு விரல் அளவு பெடலை அழுத்தியது. கார் கிளம்பியது. அந்தக் கால் எத்தனை நாளாக இந்த வேலையைச் செய்கிறது என்பது அதன் சொந்தக்காரருக்கே தெரியவில்லை.

"உங்க தங்கச்சிக்குப் போன் போடுங்க" என்று நான் சொல்லவில்லை, அவரே போட்டார்.

என் நாத்தனார் ஏசி மெக்கானிக். வீட்டு ஏசி, கார் ஏசி, கடையில் இருக்கும் குளிர்பெட்டி எல்லாம் பார்ப்பாள். நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கம்ப்ரஸர். ஒருமுறை ஓட ஆரம்பித்தால் வாய் தானாக நிற்காது. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பேசிக்கொண்டுதான் வந்தாள்.

"கறுப்புப் பொகையா? பெட்ரோல் வாசனையா? எத்தன நாளா? ஏண்ணா, எஞ்சின் லைட்டு எரியலையா?"

"எந்த லைட்டும் எரியல" என்றார் இவர்.

கம்ப்ரஸர் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினாள். டாஷ்போர்டில் விளக்குகள் இருக்கிற வரிசை முழுவதையும் மூடி ஒரு அகலமான கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் வெள்ளை எழுத்தில் 'கண் ரோட்டில்!' என்று இருந்தது. கார் கற்க வருகிறவர்கள் எந்த விளக்கைப் பார்த்தாலும், "மாஸ்டர், இது என்ன?" என்று அதையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள். ஒரு அம்மா அப்படிப் பார்த்துக்கொண்டே யாரோ வீட்டுப் பூச்செடிகள்மேல் ஏற்றிவிட்டார். அன்றைக்கு என் கணவர் ஒட்டியது அந்த ஸ்டிக்கர். வேக முள்ளும் பெட்ரோல் முள்ளும் மட்டும் தெரிகிற மாதிரி, கத்தரியால் அழகாக வெட்டி ஒட்டியிருந்தார். நானும் அதைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன், அடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அவள் நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி, சர்ரென்று உரித்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கண்ணு ரோட்டுல, மூளை வீட்டுல!" என்று கத்தினாள். "அண்ணி, இவன் கூட எப்படிக் குடித்தனம் பண்றீங்க?"

"எனக்கு வேற வண்டி கிடைக்கல" என்றேன்.

பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஸ்கேனரை எடுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினாள். அதன் திரையில் வரிசையாக எண்கள் ஓடின. ஒரு இடத்தில் விரலை வைத்து, இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.

"இதப் பாருங்க. எஞ்சின் உள்ள இழுக்கற காத்து எவ்வளவு சூடா இருக்குன்னு இந்த இடத்துல காட்டும். என்ன போட்டிருக்கு?"

மைனஸ் நாற்பது என்று இருந்தது. அவள் நெற்றியிலிருந்து வேர்வை அந்தத் திரைமேலேயே சொட்டியது.

"நம்ம வாசல்ல பனி கொட்டுதுன்னு உங்க வண்டி நெனச்சிட்டிருக்கு" என்றாள். "குளிர்ந்த காத்து அடர்த்தியா இருக்கும், அதுக்குப் பெட்ரோல் கூட வேணும். அதனால ஊத்து ஊத்துன்னு ஊத்துது. காலையில எஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது அது தெரியாது, அப்ப கொஞ்சம் கூடக் கேக்கத்தான் செய்யும். சூடான பிறகு அணைச்சு எடுத்தா மூச்சு முட்டிப்போகுது. அண்ணன் கால் லேசா மிதிக்குது, காத்து உள்ள போகுது, பொழச்சுக்குது. அண்ணியோ, அண்ணன் சொல்லிக் குடுத்த மாதிரி ஒழுங்கா காலை எடுத்துட்டு நிக்கறாங்க, செத்துப்போகுது."

ஒழுங்காகச் செய்ததால்தான் தோற்றேன் என்று இதற்கு அர்த்தம். இதை நான் மெதுவாக, சத்தமாக, ஒருமுறை திரும்பச் சொன்னேன். என் கணவர் பானெட்டைத் திறக்கப் போவது போல முன்பக்கம் போய்விட்டார்.

காற்று வடிகட்டும் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற தடித்த குழாயில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னச் சாமான் செருகியிருந்தது. அதன் தலையில் இரண்டு ஒயர். "இதுதான் காத்தோட சூட்ட அளக்கற சென்சார். இவன்மேல உடனே பழி போடக் கூடாது, ஒயர் அறுந்திருந்தாலும் இதே மைனஸ் நாப்பதுதான் வரும்" என்றாள் கம்ப்ரஸர். ஒயர் முனையை சென்சாரிலிருந்து கழற்றி, ஒரு துண்டுக் கம்பியை வளைத்து அதன் இரண்டு ஓட்டையையும் சேர்த்தாள். "அண்ணி, என்ன காட்டுது?"

எண் மைனஸிலிருந்து ஒரே தாவலாக மேலே போய், தண்ணீர் கொதிக்கிற சூட்டையும் தாண்டி நின்றது.

"ஒயர் நல்லாருக்கு. கம்ப்யூட்டரும் சொன்ன பேச்சக் கேக்குது. அப்ப பொய் சொல்றது இவன்தான்." குழாயில் இருந்த ரப்பர் வளையத்திலிருந்து சென்சாரை லேசாகத் திருகி இழுத்தாள். மின்தடை பார்க்கிற மீட்டரின் இரண்டு முனையையும் அதன் கால்களில் வைத்தாள். மீட்டரில் எண்ணே வரவில்லை. "அண்ணி, உங்க முடி காயவைக்கற மெஷினக் கொண்டாங்க."

கொண்டுவந்தேன். சூடான காற்றை அதன்மேல் அடித்தாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று உறுதியானது.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு உதிரிபாகக் கடையை அவளுக்குத் தெரியும். ஸ்கூட்டரில் போய்ப் புதிதாக ஒன்றை வாங்கி வந்தாள். பெட்டியைப் பிரித்ததும் போட விடவில்லை நான். "புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல. மொதல்ல அதையும் பாரு" என்றேன். இந்த முறை மெஷினைப் பிடித்துக்கொண்டது என் கணவர். சூடு ஏற ஏற மீட்டரில் எண் விறுவிறுவென்று இறங்கியது. அணைத்ததும் மெல்ல ஏறியது. சூடானால் இறங்க வேண்டும், ஆறினால் ஏற வேண்டும், அதுதான் அதன் குணமாம். அதை மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததை எதிர்வீட்டுக்காரரும் தண்ணீர்க் குழாயோடு வந்து பார்த்தார்.

ரப்பர் வளையத்தைத் துடைத்து, புதியதைத் திருகி உள்ளே அழுத்தி, ஒயரை மாட்டினாள். டக் என்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பழைய கோளாறை ஸ்கேனரில் அழித்தாள். திரையில் முப்பத்தொன்று என்று வந்தது. என் போனில் இருந்த வெயில் கணக்கும் அதையே சொன்னது.

நான் மார்க்கெட் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தது. அணைத்தேன். வலது காலைத் தரையில் வைத்தேன். சாவியைத் திருப்பிய கையை எடுப்பதற்குள் எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது. பின்னால் புகை இல்லை. நான் அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும். அப்புறம் தலையை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டு நன்றாக அழுதேன். சந்தோஷத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

கம்ப்ரஸர் போன பிறகு அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தப் பழைய சென்சார். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல்கார அம்மா ஒருத்தங்க வந்தாங்களே, மேட்டுலயே தோத்துட்டு நின்னுட்டாங்க" என்றார். "அப்புறம் அந்த ஸ்கூல் வாட்ச்மேன். ரெண்டு பேர்கிட்டயும் கால் சரியில்லன்னு சொன்னேன். உன்கிட்டயும்."

எனக்கு நாலு வார்த்தை தயாராக இருந்தது. அதில் ஒன்றைக்கூட எடுக்க மனசு வரவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு பேருக்கும் போன் செய்து, "தப்பு உங்க கால்ல இல்லீங்க, என் வண்டில. மறுபடி வாங்க, நான் சும்மாவே சொல்லித் தரேன்" என்று சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டேன். என் கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதியை வியாழக்கிழமை வரை பத்திரமாக வைத்துக்கொள்வதாக முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை மைதானத்துக்கு அவர்தான் ஓட்டினார். கார் குணமாகிவிட்டது, ஆனால் அவர் வலது கால் இன்னும் பழைய வைத்தியத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வழியில் நிறுத்தி எடுக்கிற ஒவ்வொரு முறையும் எஞ்சின் வீறிட்டது. சிக்னலில் சைக்கிளில் நின்றவர் துள்ளி விலகினார். மைதானத்து வாசலில், "என்ன மாஸ்டர், ஏரோப்ளேனா?" என்று யாரோ கேட்டார்கள். அவர் காது சிவந்துவிட்டது.

"நான் பெஞ்சுல உக்காந்துக்கறேன்" என்றார். "இந்தப் பக்கம் பாக்காத. உன் வேலையப் பாரு."

'ம்' வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு முன்னால் இரண்டு பேர் இதே காரில் டெஸ்ட் முடித்திருந்ததால் எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. நேராக ஓட்டினேன், வளைத்தேன், ரிவர்ஸ் எடுத்தேன். மேடு வந்தது. பாதியில் நிறுத்தினேன். அணைக்கச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார்.

அணைத்ததும் ஒரே அமைதி. இரண்டு முறை தோற்ற இடம் அது. காருக்கு நோய் தீர்ந்தது என்று புத்திக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரிய வேண்டுமே. வலது கால் லேசாகத் துடித்தது. இவ்வளவு நாள் அவர் கால் செய்ததை என் கால் இப்போது செய்யப் பார்த்தது. பிரேக்கில் அதை அழுத்தி வைத்தேன். சாவியைப் பாதி திருப்பியதும், ஸ்டிக்கர் இல்லாத டாஷ்போர்டில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. முழுதாகத் திருப்பினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது, விளக்குகள் அணைந்தன. மஞ்சள் விளக்கும் அணைந்தது. கிளட்சை மெல்ல விட்டு, பிரேக்கிலிருந்த காலை ஆக்சிலேட்டருக்கு மாற்றினேன். கார் ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது.

"ம்" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "போதும். பாஸ்" என்றார். அவர் வாயிலிருந்து இரண்டு வார்த்தை வந்ததை நான் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

இறங்கி பெஞ்சை நோக்கி ஓடினேன். போன இரண்டு முறையும் இந்த பெஞ்சுக்கு முன்னால் மண்ணில் இரண்டு பள்ளம் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஓட்ட ஓட்ட அவர் இங்கே உட்கார்ந்து பிரேக்கும் கிளட்சும் மிதித்துத் தோண்டிய பள்ளம். இன்றைக்கு மண் கலையவே இல்லை. அவர் இரண்டு காலையும் மடக்கி பெஞ்சின் மேல் ஏற்றி, சம்மணம் போட்டு, முழங்கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏங்க" என்றேன். "காலை இறக்குங்க. பாஸ்."

கண்ணைத் திறந்தார். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் முகம் கோணியது. "நான் ஒன்னுமே மிதிக்கலடி" என்றார். "மொத்தமும் நீயே ஓட்டின."

வைத்திருந்த மீதிக் கோபத்தை அதோடு விட்டுவிட்டேன். கையை நீட்டினேன். எழுந்திருக்கப் பார்த்தவர் முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நேரம் மடக்கி வைத்ததில் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன.

தோளில் கை போட்டுத் தாங்கி, நொண்ட நொண்ட அவரைக் காருக்கு அழைத்துக்கொண்டு போனேன். பழக்கத்தில் டிரைவர் பக்கக் கதவுக்குப் போனார். நான் அவரை முன்பக்கமாகச் சுற்றி நடத்தி, அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். அப்புறம் நான்தான் வீட்டுக்கு ஓட்டினேன்.